ஒன்றரை இலட்சம்: அரசுகளின் சீலம் பற்றி ஒரு பாடம்

பஞ்சசீலம் என்னும் சொல் இந்நாட்டில் இரண்டு இடங்களில் வழங்கி வருகின்றது. ஒன்று விகாரையில். திரிசரணம் சொன்னபின் நாம் ஒவ்வொருவரும் வாய்விட்டு ஏற்றுக்கொள்ளும் ஐந்து கட்டுப்பாடுகள் அவை: கொல்லாமை, கொடாததை எடாமை, பிறழ்ந்த காமம் ஒழித்தல், பொய்யாமை, மயக்கும் பொருள்களை விலக்கல். மற்றொன்று அரசாங்கக் காகிதத்தில். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், திபெத்தோடு நடைபெறும் வணிகமும் போக்குவரவும் குறித்து இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் முகவுரையில் ஐந்து கொள்கைகள் எழுதப்பட்டன. ஒருவர் எல்லையையும் இறையாண்மையையும் மற்றவர் மதித்தல், ஒருவர்மேல் ஒருவர் படையெடாமை, ஒருவர் உள்நாட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடாமை, சமத்துவமும் இருவர்க்கும் நன்மையும், சமாதானத்தோடு உடன்வாழ்தல் என்பன அவை. இவற்றுக்கும் பஞ்சசீலம் என்றே பெயர் வழங்கிற்று.

பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்று நம் அன்பர்களிற் சிலர் எண்ணுகின்றனர். ஜோகுபாளையத்தில் நடைபெறும் தம்ம வகுப்பில் இக்கேள்வி பலமுறை எழுந்ததுண்டு: தனி மனிதனுக்குச் சீலம் உண்டு; அரசுக்குச் சீலம் உண்டா? ஓர் அரசு மற்றோர் அரசோடு கொள்ளும் உறவில் நன்மை தீமை என்று ஒன்று உண்டா, அன்றி வலிமை ஒன்றே அங்கு வழக்கா? இதனை ஆகாயத்தில் நின்று ஆராய்வதில் பயனில்லை. நம்மவர் உடலிலும் வயிற்றிலும் பட்ட ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அது 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம்.

அதற்கு முன் இரண்டு பஞ்சசீலங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நம் சீலம் உயிரில் தொடங்குகின்றது. அது யாருடைய உயிர், எந்த நாட்டு உயிர் என்று கேட்பதில்லை. அரசுகளின் பஞ்சசீலமோ அரசில் தொடங்கி அரசிலேயே முடிகின்றது. அதில் ‘ஒருவர்’ என்பது ஓர் அரசாங்கத்தைக் குறிக்குமேயன்றி ஒரு மனிதனைக் குறிக்காது. இரண்டு அரசுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு அஃது உதவலாம். ஆயின், எந்த அரசும் ‘என்னுடையவன்’ என்று சொல்ல மறுக்கும் மனிதன் ஒருவன் இருப்பானாயின், அவனுக்கு அந்த ஐந்தில் ஓரிடமும் இல்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் 1954 ஆகஸ்டில் மாநிலங்களவையில் வெளிநாட்டுக் கொள்கை பற்றிப் பேசியபோது இதைத் தொட்டார். பஞ்சசீலம் பௌத்தத்தின் இன்றியமையாத கூறு என்பதை நினைவூட்டி, மாவோவுக்கு அதில் நம்பிக்கை இருக்குமாயின் தம் நாட்டிலுள்ள பௌத்தர்களை அவர் வேறு விதமாக நடத்தியிருப்பார் என்னும் கருத்தை அவையின் முன் வைத்தார். எல்லைக்கு வெளியே பேசப்படும் சீலத்தை எல்லைக்கு உள்ளே வாழும் மனிதனைக் கொண்டு அளந்தார் என்க. அவ்வளவுகோலையே நாமும் இப்பாடத்தில் கைக்கொள்வோம். எட்டு ஆண்டுகள் கழித்து, 1962 அக்டோபர் 20ஆம் நாள், சீனப் படை எல்லையில் பெருந்தாக்குதல் தொடுத்தது. அந்தப் போருக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

மலைநாட்டு மக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இலங்கையின் மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியபின் தேயிலை வந்தது. காட்டை வெட்டவும், கொழுந்து பறிக்கவும், சாலை போடவும் ஆட்கள் தமிழகத்திலிருந்து கொண்டுபோகப்பட்டனர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து சென்றோர் பலர். அவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட குலங்களிற் பிறந்தோர். ஊரில் பண்ணையாரிடம் பட்ட கடனிலிருந்து தப்பி, தோட்டத்தில் கங்காணியிடம் கடன்பட்டவர்கள். இராமேசுவரத்துக்கு அருகே மண்டபத்தில் ஒரு முகாம் அமைத்து, தொற்றுநோய் உண்டா என்று பார்ப்பதற்காக அவர்களை அங்கே நிறுத்திவைத்து, பின்னரே கப்பலேற்றினர். இம் முகாமை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிங்களக் குடியானவனுக்கும் ஒரு வழக்கு இருந்தது. அதை மறைத்துப் பேசுவது பொய்யாமைச் சீலத்துக்கு ஒவ்வாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால், பட்டா காட்ட இயலாத காடும் தரிசும் அரசாங்கத்தின் சொத்தாகித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. நிலமிழந்த கண்டி நாட்டுக் குடியானவன் மேட்டில் நின்று பார்த்தபோது, இலண்டனில் இருந்த கம்பெனி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. லயத்தில் குடியிருந்த தமிழனே தெரிந்தான். ஒருவனிடமிருந்து நிலத்தையும் மற்றொருவனிடமிருந்து உழைப்பையும் எடுத்துக்கொண்டவன் இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுக் கப்பலேறினான். சிங்களக் குடியானவனின் அச்சம் உண்மையானதே. அந்த அச்சத்தை எவர் தலையில் இறக்கினார்கள் என்பதே நாம் கேட்க வேண்டுவது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் தோட்டப் பகுதிகளிலிருந்து எழுவர் வெற்றி பெற்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு உதவிற்று. 1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டிலேயே டி. எஸ். சேனநாயக்க அரசாங்கம் பிரஜா உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி ஒருவன் இலங்கையிற் பிறந்தது மட்டும் போதாது; அவன் தந்தை அங்கே பிறந்ததையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததையோ காட்ட வேண்டும். பிரட்டுக் களத்தில் பெயர் பதிந்தவனுக்குப் பிறப்பு எங்கே பதிந்திருக்கும்! 1949இல் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது வசித்தமைக்குச் சான்று கொடுத்து மனுச் செய்யலாம் என்றது. அதே ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையும் போயிற்று. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் சார்பில் மனுக்கள் போடப்பட்டன. 1964 வரை பிரஜா உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே.

இடதுசாரிகள் அன்று இச் சட்டங்களை எதிர்த்தனர். தமிழ்க் காங்கிரசிலிருந்து செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தனிக் கட்சி கண்டதற்கும் இதுவே காரணமாயிற்று. யாழ்ப்பாணத்து மற்றைத் தலைவர்களிற் சிலர் மந்திரிப் பதவியில் இருந்துகொண்டனர். 1950 மே மாதத்தில் உலக பௌத்த சகோதரத்துவ மகாநாடு இலங்கையில் கூடியது. பாபாசாகேபும் கண்டிக்குச் சென்றிருந்தார். அந்நகரைச் சுற்றியுள்ள மலைகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோர் அதற்கு முந்திய ஆண்டுதான் வாக்கிழந்திருந்தனர்.

இந்தியாவின் நிலை யாது? இவர்கள் இலங்கையில் பிறந்து வளர்ந்து உழைத்தவர்கள், ஆகவே இலங்கையின் பொறுப்பு. தாமே விரும்பி இந்தியக் குடியுரிமை கேட்போரை மட்டுமே இந்தியா ஏற்கும் என்பது நேருவின் வாதம். 1954 ஜனவரியில் கொத்தலாவலையோடு அவர் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின்னரும் இவ்வாதம் மாறவில்லை. நியாயம் நேருவின் பக்கமே இருந்தது என்பேன். ஆயினும், இரண்டு தலைநகரங்களும் தத்தம் நியாயத்தைப் பேசிக்கொண்டிருந்த பதினாறு ஆண்டுகளும் லயத்தில் இருந்தவனுக்கு வாக்கில்லை, கடவுச்சீட்டு இல்லை, நாடென்று ஒன்று இல்லை.

முதலில் எண், பிறகு பெயர்

1964 ஜூனில் சாஸ்திரி பிரதமரானார். சீனாவிடம் பட்ட அடி ஆறவில்லை; மேற்கே பாகிஸ்தான் சீனாவோடு நெருங்கிக்கொண்டிருந்தது. சீன இந்தியத் தகராறில் நடுவுநிலை பேசுவதற்காக 1962 டிசம்பரில் ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டியவரே சிறிமாவோ அம்மையார். அயல்நாடுகளின் நட்பு இந்தியாவுக்குத் தேவைப்பட்ட காலம் அது. நேரு விட்டுக்கொடாததைச் சாஸ்திரி விட்டுக்கொடுத்ததற்கு இதுவே முதற்காரணம் என்று எழுதியோர் பலர். எனக்கும் அதுவே சரியெனத் தோன்றுகின்றது.

டில்லியில் அக்டோபரில் பேச்சு நடந்தது. நாடற்றவர்களின் தொகை 9,75,000 என்று கொள்ளப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரையும் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளையும் இந்தியா ஏற்கும். 3,00,000 பேரையும் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளையும் இலங்கை ஏற்கும். பதினைந்து ஆண்டுகளில் இது முடியவேண்டும். இந்தியாவுக்குப் போகிறவர் தொகையும் இலங்கையில் பிரஜா உரிமை பெறுவோர் தொகையும் அதே விகிதத்தில் நடக்கவேண்டும்; அதாவது ஏழு பேருக்கு நான்கு பேர். மிச்சம் 1,50,000 பேர். அவர்களைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

நான் பல ஆண்டுகள் ஆலையின் நெசவுக்கூடத்தில் தறி ஓட்டியவன். ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வந்தது ஓர் எண். இத்தனை தறிக்கு இத்தனை ஆள் போதும், இத்தனை பேர் வெளியேற வேண்டும் என்பது அது. பெயர்களைப் பின்னால் தேடினார்கள். எண் முன்னால் வந்துவிட்டால் பெயர் தானாக வந்து அதில் உட்காரும் என்பதைத் தொழிலாளிக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. எங்களுக்காவது வாயில் கூட்டம் போட்டுக் கத்துவதற்கு ஒரு சங்கம் இருந்தது. டில்லியில் அந்த மேசைக்கு முன் 9,75,000 பேரின் சார்பில் எவருமில்லை. தொண்டமான் தலைமையிலிருந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஒப்பந்தத்தை எதிர்த்தது. 1948இல் எதிர்த்த இடதுசாரிகளில் முதன்மையான சமசமாஜக் கட்சி, 1964 ஜூனிலிருந்து சிறிமாவோவின் மந்திரி சபையில் இருந்தது.

பெயர் தேடும் காலம் வந்தபோது கணக்கு உதைத்தது. இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் தொகை 5,25,000ஐ எட்டவில்லை. இலங்கையில் இருக்க விரும்பியோரோ 3,00,000ஐ வெகுவாகத் தாண்டிவிட்டனர். மனிதரின் விருப்பமும் அரசுகளின் எண்ணும் பொருந்தவில்லை என்பது இதனால் வெளியாகின்றது.

ராஜதந்திரிகளின் விடை

இவ்விடத்தில் ராஜதந்திரம் கற்றோர் ஒரு விடை சொல்வர். அதனை அற்பமென்று தள்ளலாகாது. தனி மனிதன் தன் சோற்றைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கலாம், அது தானம். அரசனோ பிறர் சோற்றுக்குக் காவலன். அதைக் கொடுத்துப் புண்ணியம் தேட அவனுக்கு உரிமையில்லை. ஆகவே தன் நாட்டின் நலம் ஒன்றே அரசனுக்கு அறம் என்பது அவர்கள் கட்சி. இக் கட்சிக்கு இந்நாட்டில் மூலநூல் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம். நெடுங்காலம் மறைந்துகிடந்த அதன் ஏட்டுச்சுவடி நம் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் 1905இல் ஷாமசாஸ்திரியாரின் கையில் அகப்பட்டு, 1909இல் அச்சேறிற்று. அயல்நாட்டான் இயல்பாகவே பகைவன், அவனுக்கு அப்பால் உள்ளவன் நண்பன் என்று வட்டம் போட்டுக் காட்டுவது அந்நூல். 1964ஆம் ஆண்டின் ஆசியப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த வட்டங்களைப் போட்டுப் பாருங்கள், சரியாகவே பொருந்தும்.

எனவே விடையை அவர்கள் வழியிலேயே நின்று சொல்வோம். காவலன் தன் குடிகளின் சோற்றைக் கொடுக்கலாகாது என்றால், 1964இல் கொடுக்கப்பட்டது எவருடைய சோறு? இந்தியா தன் நிலத்தில் ஓரங்குலம் கொடுக்கவில்லை. இலங்கையும் தன் நிலத்தைக் கொடுக்கவில்லை. ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது இருவருக்கும் சொந்தமில்லாத ஒன்று: தோட்டத்துத் தொழிலாளியின் வீடும், அவன் தாய்தந்தையரைப் புதைத்த மண்ணும், அவன் பிள்ளை படித்த பள்ளிக்கூடமும். நம் இரண்டாவது சீலத்தில் ‘கொடாததை எடாமை’ என்கிறோமே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உரியவன் கொடாததை இருவர் எடுத்துத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர்.

அவர்களுடைய இலாபக் கணக்கிலேனும் அது நின்றதா? 1971 ஏப்ரலில் இலங்கையில் கிளர்ச்சி மூண்டபோது இந்தியா கப்பலும் விமானமும் அனுப்பி அம்மையாரின் அரசாங்கத்துக்கு உதவிற்று. அதே ஆண்டு, இந்தியா தன் வானத்தை மூடிவிட்டதால் சுற்றிப் போகவேண்டியிருந்த பாகிஸ்தான் விமானங்களுக்கு இலங்கை கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்ள இடமளித்தது. ஐந்தேகால் இலட்சம் பேரைக் கொடுத்து வாங்கிய நட்பு ஏழு ஆண்டுகளில் அவ்வளவில் இருந்தது.

இரண்டு அரசுகளின் வழக்கில் கையெழுத்திடாதவனே அடிபடுகிறான் என்பது நமக்கும் புதிதன்று. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி இப் பெங்களூரில் கலகம் நடந்தபோது, குடிசை எரிந்தவர்களில் எவரும் காவிரியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை வழக்காடிக் கேட்டவரல்லர்.

கல்லில் உள்ள எண்

இனி அசோகச் சக்கரவர்த்தியைப் பார்ப்போம். இந்தியா தன் முத்திரையில் அவருடைய சிங்கத் தூணையும் கொடியில் அவருடைய சக்கரத்தையும் வைத்திருக்கிறது. இலங்கை தன் தம்மம் அவர் மகன் மகிந்தரால் வந்ததென்று கொண்டாடுகிறது. ஆகையால் அவர் இரு கட்சியாருக்கும் பொதுவான சாட்சி.

பட்டாபிஷேகமாகி எட்டு ஆண்டுகள் சென்றபின் கலிங்கத்தை வென்றதை அவர் தம் 13ஆம் பாறைக் கல்வெட்டில் சொல்கிறார். கர்நூல் மாவட்டத்து எர்ரகுடியில் இதன் பிரதி ஒன்று உண்டு. நமக்கு அதுவே அருகில். அதில் எண்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. கொல்லப்பட்டோர் ஓர் இலட்சம். அதைப்போற் பன்மடங்கினர் மடிந்தனர். இவற்றுக்கு முன்னதாக அவர் சொல்லும் எண் வேறு: நாட்டைவிட்டுப் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டோர் ஒன்றரை இலட்சம். கொலைக்கு முன்பாகவே இடப்பெயர்ப்பு எழுதப்பட்டிருக்கின்றது. பிறகு அவர் எண்ணோடு நிற்பதில்லை. நல்லொழுக்கத்தோடு வாழ்ந்த குடும்பத்தார், சிரமணர், பிராமணர் ஆகியோருக்கு நேர்ந்த காயமும் சாவும் மட்டுமன்று, அன்புடையோரைப் பிரிந்த பிரிவும் தமக்குத் துன்பமாயிருக்கிறது என்கிறார். தாம் தப்பியும் தம் நண்பர்க்கும் உறவினர்க்கும் நேர்ந்த கேட்டால் வருந்துவோரையும் சேர்த்துக்கொள்கிறார். அந்தத் தொகையில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு இன்று துன்புற்றாலும் தமக்கு அது பாரம் என்று எழுதுகிறார். இலட்சத்திலிருந்து நூற்றுக்கும், அதிலிருந்து ஒருவனுக்கும் இறங்கிவரும் கணக்கு அது.

ஒன்றரை இலட்சம் என்னும் எண் 1964இலும் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அசோகர் அவ்வெண்ணைக் கண்டு வருந்தினார். டில்லியில் அது மிச்சமாக விடப்பட்டது.

அசோகரையும் குறையின்றிப் புகழ்தல் நம் வழக்கமாகிவிட்டது, அது படிப்பாகாது. வருந்திய அவர் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதே கல்வெட்டில் காட்டுவாசிகளை நோக்கி, தம் இரக்கத்தோடு தம் வலிமையையும் மறவாதிருக்கச் சொல்கிறார். கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலி, ஜௌகடப் பாறைகளில் இந்தப் 13ஆம் பகுதி வெட்டப்படவில்லை; தோற்றவர்கள் படிக்கும்படி அதை எழுதுவதற்கு அவருக்கே நாணமாயிருந்திருக்கலாம். அதற்குப் பதிலாக அங்கே தனிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. எல்லா மனிதரும் தம் மக்கள் என்றும், காரணமின்றி எவரையும் சிறைப்படுத்தலாகாது என்றும் அதிகாரிகளுக்குச் சொல்கிறார். வெல்லப்படாத எல்லைப்புறத்தார் தம்மைக் கண்டு அஞ்ச வேண்டா, தம்மிடமிருந்து அவர்களுக்குச் சுகமே வரும், துக்கம் வாராது என்று அவர்களுக்கு உணர்த்துமாறும் கட்டளையிடுகிறார். அயலானைப் பற்றி அர்த்தசாஸ்திரம் போட்ட வட்டத்துக்கு நேர் எதிரான கட்டளை இது.

2ஆம் பாறைக் கல்வெட்டில் சோழரும் பாண்டியரும் தாமிரபரணி என்னும் இலங்கையும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. அந்நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதையும், மூலிகை இல்லாத இடத்தில் மூலிகை கொண்டுபோய் நட்டதையும், வழியில் கிணறு வெட்டியதையும் அதில் காண்கிறோம். அரசுக்குச் சீலம் இருக்கமுடியுமா என்று கேட்போருக்கு, இருந்தால் அது எவ்வடிவில் இருக்கும் என்பதை இந்த மூலிகையும் கிணறும் காட்டுகின்றன.

ஒன்றரை மனிதர்

இலங்கையின் பௌத்தத்துக்கு நாம் கடன்பட்டவர்கள். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் அங்கே சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்று வந்ததிலிருந்து தமிழ்ப் பௌத்தம் மறுபடியும் தழைத்தது. அக்கடனை மறவாதவர்களாயிருந்தே பின்வருவதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மகாவம்சம் என்னும் நூலில் துட்டகைமுனு மன்னன் எல்லாளனை வென்றபின் தன்னால் மாண்ட பெருந்தொகையினரை நினைத்து மகிழ்ச்சியின்றி இருந்தான் என்று வருகின்றது. அசோகருக்கு வந்த அதே துயரம். அரகந்தர்கள் எண்மர் வந்து அவனைத் தேற்றினார்களாம்: உன்னால் கொல்லப்பட்ட மனிதர் ஒன்றரைப் பேரே, ஒருவன் திரிசரணம் பெற்றவன், மற்றவன் பஞ்சசீலமும் ஏற்றவன், ஏனையோர் விலங்குக்கு ஒப்பானவர் என்று. அந்நூல் எழுதப்பட்டது அம்மன்னனுக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின். புத்தர் வாக்கில் இதற்கு ஆதாரமில்லை. முதற் சீலத்தில் இந்த விதிவிலக்கு இல்லை. எல்லாளனுக்குச் சமாதி எழுப்பி, அதைக் கடப்போர் வாத்தியத்தை நிறுத்தவேண்டும் என்று துட்டகைமுனு விதித்ததையும் அதே நூல் சொல்கிறது. மன்னனின் மனம் நூலாசிரியரின் மனத்தைவிடப் பெரிதாயிருந்தது போலும். ஆயினும் படித்து மனனம் செய்யப்பட்டது சமாதி அன்று, ஒன்றரை மனிதரே.

அரசியல் வலிமை அறத்தை அழிப்பதில்லை; அதற்கு அறம் தேவை. ஆகையால் அறத்தின் மொழியைக் கற்றுக்கொண்டு வந்து, மனிதர் எத்தனை பேர் என்று மறு எண்ணிக்கை எடுக்கிறது. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினால் அவன் எண்ணப்படாதவன் ஆகிறான். பிறகு அவனுக்குச் செய்வது எதுவும் தீங்கு என்று பதிவாவதில்லை. இதைப் பௌத்தர் செய்தாலும் இது மாராவின் கணக்கே.

தாயகம் திரும்பியோர்

ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. மூன்று தலைமுறையாக நுவரெலியாவிலும் பதுளையிலும் பிறந்து, இராமேசுவரத்தை முதன்முறையாகக் கப்பலிலிருந்து பார்த்தவன் எங்கிருந்து எங்கே திரும்பினான்? நான்காவது சீலத்தோடு இச் சொல்லைப் பொருத்திப் பார்க்கும் வேலையை அன்பர்களுக்கே விடுகிறேன்.

கையெழுத்தான இரண்டாம் மாதத்தில், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர்த் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிற்று. வந்தவர்களை முதலில் இறக்கிய இடம் அதே மண்டபம் முகாம். பாட்டனை நோய்க்குச் சோதித்து அனுப்பிய இடத்தில் பேரனை இறக்கிப் பதிந்தார்கள். 1974 ஜனவரியில் அம்மையாரும் இந்திரா காந்தியும் மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை எடுத்து, ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பங்கிட்டனர். அக்காலம் தோட்டங்களில் பஞ்சம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் பட்டினியால் மாண்டோர் உண்டு. கப்பலேறியவர்களில் எத்தனை பேர் விருப்பத்தால் ஏறினர், எத்தனை பேர் பசியால் ஏறினர் என்று எந்தப் பதிவேடும் பிரிக்கவில்லை. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் கலகங்கள் மேலும் பலரை விரட்டின. பிள்ளைகளையும் சேர்த்து நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர்.

சிலர் நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தனர். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் குத்தகைக்காரரிடம் கொத்தடிமையானோர் உண்டு. நம் கர்நாடகத்திலேயே தென் கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் வனவளர்ச்சிக் கழகத்தின் ரப்பர்த் தோட்டங்களில் அவர்களைக் குடியேற்றினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்பக்கம் தம்ம உரைக்குச் சென்றபோது, விடியற்காலையில் பால் எடுத்துவிட்டு வந்த முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “அங்க இருந்தப்ப எங்கள இந்தியாக்காரன்னாங்க. மண்டபத்துல எறங்குன அன்னைக்கே சிலோன்காரன் ஆயிட்டோம். இங்க வந்தா தமிழன்ங்கறாங்க. இருக்கற எடத்துப் பேர மட்டும் யாரும் எங்களுக்கு வைக்கறதில்லீங்க.” அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை, பால் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

1984இல் போரினால் கப்பல் நின்றது. இந்தியா ஏற்றிருந்தும் வந்து சேராதவர்கள் அங்கேயே தங்கினர். இலங்கை 1986இலும் 1988இலும் சட்டமியற்றி நாடற்றோர்க்குப் படிப்படியாகப் பிரஜா உரிமை கொடுத்தது. 2003இல் எஞ்சியவர்களுக்கும் கொடுத்தது. 1948இல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. கொடுத்தபோது, அதுவரை சொல்லப்பட்ட பெருங்கேடு எதுவும் இலங்கைக்கு நேரவில்லை. தேயிலை அவர்கள் கையாலேயே பறிக்கப்பட்டு ஏற்றுமதியாயிற்று.

இன்னும் ஒரு பகுதியினர் உளர். மலைநாட்டுக் கலகங்களுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கிருந்து 1983க்குப் பின் படகேறித் தமிழகம் வந்தவர்கள். அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ பட்டியலில் இல்லை. அகதிகள் பட்டியலில் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படிப்பட்ட சிலரின் குடியுரிமை விண்ணப்பங்களை இந்திய அரசு பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அயல்நாடுகளின் பெயரைச் சொல்கிறது. இலங்கை அவற்றுள் ஒன்றன்று.

அடுத்த பாடத்தில், ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் படைதிரட்டி நின்ற வழக்கை எடுத்துக்கொள்வோம். வகுப்புக்கு வருவோர் அசோகரின் 2ஆம், 13ஆம் கல்வெட்டுகளின் தமிழாக்கத்தையும் ஜௌகடத் தனிக் கல்வெட்டையும் முன்கூட்டிப் படித்து வருக. சுள்ளியாவிலோ புத்தூரிலோ உறவினர் உள்ள அன்பர்கள் பழைய தோட்டத்துத் துண்டு, பிறப்புச் சீட்டு, கப்பற் சீட்டு ஏதேனும் வீட்டில் இருப்பின் எடுத்து வருக; அவற்றையும் வகுப்பில் வைத்துப் படிப்போம்.